ஆயிலுக்கு உப்பு

எண்ணெய் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் கல்யாணமாகி நாலைந்து வருஷம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். விழுப்புரத்தில் மல்லாட்டை மில்லுக்கு, அதாவது வேர்க்கடலை எண்ணெய் மில்லுக்குப் பின்னால், கூலிக்காரர்களுக்கு விட்டிருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள் நான். அப்பா மில்லில் மூட்டை தூக்கினார், அம்மா மல்லாட்டை உடைத்தாள். எங்கள் துணியெல்லாம் எண்ணெய் வாடைதான் அடிக்கும். எந்த எண்ணெய் எத்தனை நாள் தாங்கும் என்பது எங்கள் தெருப் பெண்களுக்கு மூக்கிலேயே இருந்தது. மல்லாட்டை எண்ணெய் மூன்று மாதம் நன்றாக இருக்கும், நாலாவது மாதம் சிக்கு வாடை எடுக்கும். நல்லெண்ணெய் ஒரு வருஷம் போகும். தேங்காயெண்ணெயை மழைக்காலத்தில் நம்ப முடியாது. விளக்கெண்ணெய் மட்டும் வைத்தவளே மறந்தாலும் கெடாது.

கெடாமல் வைக்கிற வழியும் எங்களுக்குத் தெரியும். பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. வாயில் மெல்லிய துணி கட்டி நாலு நாள் நல்ல வெயிலில் வைக்க வேண்டும். கொஞ்சம் கல் உப்பைத் துணியில் முடிந்து உள்ளே தொங்கவிட வேண்டும். எடுக்கும்போது ஆட்டாமல் மேலாக ஊற்ற வேண்டும், அடியில் தங்கும் மண்டியைத் தொடக் கூடாது. இவ்வளவுதான். இதைச் செய்யாமல் எண்ணெயைக் காறவிட்டவளை எங்கள் தெருவில் பெண்ணென்றே மதிக்க மாட்டார்கள்.

திண்டிவனத்தில் என்னைக் கட்டிக்கொடுத்த இடம் பஸ் ஓட்டுகிற குடும்பம். குடும்பம் என்றால் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். மாதா கோயிலே கதியென்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த மாமியார் நான் வந்த அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவருக்குச் சொந்தமாக ஒரே ஒரு பஸ். பாண்டிச்சேரியில் யாரோ ஓட்டி அலுத்துப் போட்டதை வாங்கி, தகரத்தைத் தட்டி, பச்சைச் சாயம் அடித்து, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் தினம் இரண்டு நடை விட்டுக்கொண்டிருந்தார். மனுஷர் அதிகம் பேச மாட்டார். பேசினால் பஸ்ஸைப் பற்றிப் பேசுவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட, உடம்பு சூடாகிவிட்டது, கொஞ்சம் நிறுத்தி வை என்றுதான் சொன்னார்.

உலகச் சண்டை வந்து பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்ததும் பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய இரும்பு உருளையைப் பொருத்திக் கரியில் ஓட்ட ஆரம்பித்தார்கள். விடியற்காலையில் கரியைக் கொட்டி நெருப்பு மூட்டி, விசிறியைக் கைப்பிடியால் சுற்றிச் சுற்றி, புகை சரியான பதத்துக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும். ஏற்றத்தில் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். பஸ் அவர்களைச் சுமந்த தூரத்தைவிட அவர்கள் பஸ்ஸைத் தள்ளிய தூரம் அதிகம் என்று விக்கிரவாண்டி சந்தைக்குப் போகிறவர்கள் கேலி பேசுவார்கள். கரிப்புகை உள்ளே போனதால் எஞ்சினில் ஊற்றிய ஆயில் பத்து நாளிலேயே தார் மாதிரி கறுத்துவிடும். ஆயிலோ கடைகளில் குறைந்துகொண்டே வந்தது.

அவர் ஒரு வேலை செய்தார். எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலை ஒரு மொடாப் பானையில் ஊற்றி ஒரு மாதம் அசையாமல் வைப்பார். கசடு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி மறுபடி எஞ்சினுக்கே ஊற்றுவார். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதுவும் நம் எண்ணெய் மாதிரிதான் போலிருக்கிறது என்று எனக்குள் முடிவு கட்டியது அங்கேதான். தெளியவைக்கிறார், மண்டியை ஒதுக்குகிறார், துணியில் வடிக்கிறார். அடுப்படியில் நான் செய்கிறதைத்தான் அவர் கொட்டகையில் செய்துகொண்டிருந்தார்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸ் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு தெற்கே ஓடி வந்த கோடையில் அவருக்கு ஓயாத சவாரி. அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் விழுப்புரத்திலிருந்து இரண்டு சதுர டின் நிறையப் புது ஆயில் கொண்டுவந்தார். அங்கே ஒரு கடைக்காரர், பழக்கத்துக்காக, கடைசிப் பீப்பாயிலிருந்து அளந்து கொடுத்ததாம். டின்களின் வாயில் தக்கை அடித்து, துணி சுற்றி, மேலே மெழுகு உருக்கி ஊற்றியிருந்தது. கொட்டகைக் கூரை ஒழுகும் என்பதால் இரண்டையும் அடுப்படி மூலையில், கேப்பைப் பானைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். ஒன்று முன்னால், ஒன்று பின்னால்.

"இத்த பாத்துக்க" என்றார். "இது ரெண்டும் இருந்தா எஞ்சின் இருக்கும். எஞ்சின் இருந்தா நாம இருப்போம்."

எத்தனை நாள் இங்கே இருக்கும் என்று கேட்டேன். தேவைப்படும் வரைக்கும், மழை கழிந்துகூட ஆகலாம் என்றார். அவர் என்னிடம் ஒரு பொருளை நம்பி ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் நான் மாதங்களை எண்ணிப் பார்த்தேன். சித்திரையிலிருந்து மார்கழி வரை எட்டு மாதம். எட்டு மாதம் எந்த எண்ணெய் சும்மா இருக்கும்? பாத்துக்க என்று சொல்லிவிட்டுப் போனவர் ஏன் இப்படி வைத்துக் கெடுத்தாய் என்றல்லவா நாளைக்குக் கேட்பார்?

வைகாசி வெயிலில் முதல் டின்னைத் திறந்தேன். மெழுகைக் கத்தியால் சுரண்டி, தக்கையை எடுத்து மோந்து பார்த்தேன். சிக்கும் இல்லை, மணமும் இல்லை, ஏதோ ஒரு வெறும் வாடை. நிறம் மட்டும் நல்ல தேன் நிறம். துணி கட்டி முற்றத்தில் நாலு நாள் வெயிலில் வைத்தேன். பிறகு மரக்காணத்து உப்பை விரல் பருமனில் நீளமாகத் துணியில் சுருட்டி, நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டேன். மரக்காணத்து உப்பு வெயில் காலத்திலேயே கசியும். மழையில் கேட்கவே வேண்டாம், பானையில் வைத்தாலும் பானை அழும். ஐப்பசியில் நூலை இழுத்துப் பார்த்தபோது சுருளில் உப்பே இல்லை, வெறும் துணி வந்தது. கரைந்துவிட்டது, அதன் வேலையைச் செய்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு வேறொரு சுருள் போட்டேன். அதுவும் கரைந்தது. இப்படி நாலைந்து போயிருக்கும்.

நடுவில் ஒரு நாள் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது என்று டின்னை மறுபடி முற்றத்தில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தேன். திரும்பும் வழியில் சடசடவென்று மழை. ஓடி வந்து பார்த்தால் துணி நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஏதாவது போயிருந்தாலும் அடியில்தானே தங்கும், எடுக்கும்போது மேலாக நானே ஊற்றிக் கொடுத்துவிடலாம் என்று டின்னின் வெளிப்புறத்தைத் துடைத்து உள்ளே வைத்தேன். பின்னால் இருந்த இரண்டாவது டின்னைத் தொடவில்லை. அதன் மேல் கரி மூட்டை ஏறியிருந்தது. மூட்டையை நகர்த்தச் சோம்பல். என் வாழ்க்கையில் எனக்கு உதவிய சோம்பல் அது ஒன்றுதான்.

மார்கழியில் வடிகட்டின ஆயில் இனி ஆகாது என்று அவர் புது ஆயிலுக்கு வந்தார். விடியற்காலை, நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். நான் உள்ளே வருவதற்குள் முன்னால் இருந்த டின்னைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார். பின்னாலேயே போனேன். வாயில் சுற்றியிருந்த புதுத் துணியைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை.

"கெடாம பாத்து வெச்சிருக்கேன்" என்றேன்.

தலையை ஆட்டினார். மேலாக ஊற்றுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதற்குள் டின்னைக் கவிழ்த்திருந்தார். எஞ்சினுக்கு வேண்டிய அளவு போனதும் மிச்சத்தை ஒரு கேனில், கடைசிச் சொட்டு வரை, தட்டித் தட்டி வடித்து வண்டியில் வைத்துக்கொண்டார். ஆயில் அப்படிப்பட்ட காலம். கவிழ்த்தபின் என்ன சொல்வது என்று நான் உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

மூன்றாவது நாள் விக்கிரவாண்டியைத் தாண்டி எஞ்சினுக்குள் சம்மட்டி அடிக்கிற சத்தம் கேட்டதாம். அவர் நிறுத்துவதற்குள் அதுவே நின்றுவிட்டது. ஜனங்கள் மூட்டையோடு இறங்கி நடந்தார்கள். அவர் அடியில் படுத்து ஆயிலைத் திறந்துவிட்டால், கெட்டி மோர் மாதிரி வெள்ளையாக இறங்கியது. பேரிங்குகள் தேய்ந்து உருகிவிட்டன. பஸ்ஸை இரண்டு ஜோடி மாடு கட்டி இழுத்து வந்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். மாட்டுக்காரர் முன்னால் நடக்க, அவர் உள்ளே உட்கார்ந்து, ஓடாத பஸ்ஸுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அடித்தால்கூடத் தெரியாத மாதிரி இருந்தார்.

ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, கடைக்காரன் மோசம் பண்ணிவிட்டான் என்று அவர் முடிவு கட்டினார். மறுநாளே ரயில் ஏறி விழுப்புரம் போனார். கடை வாசலில் நாலு பேர் பார்க்கக் கத்தினாராம். அந்த மனுஷர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், உள்ளே போய்க் கற்பூரம் கொண்டுவந்து தரையில் ஏற்றி, கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினாராம். சத்தியம் பண்ணுகிற திருடனை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு இவர் வந்துவிட்டார். இதையெல்லாம் கேப்பைக் களியைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். நான் குழம்பை ஊற்றினேன். குழம்பில் உப்பு கம்மி என்றார். உப்புச் சாடியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. வெள்ளையாக, மோர் மாதிரி என்று அவர் சொன்ன உடனே, என் உப்பு கசிந்த தண்ணீரும் அந்த மழையும்தான் என்று தெரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பயம் என்று சொன்னால் பாதி உண்மை. எண்ணெய் தெரிந்தவள் என்ற கர்வம் மீதிப் பாதி. சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். ஆயிலில் உப்புப் போட்டுவிட்டேன் சாமி என்றேன். திருடிய ஆயிலா என்று கேட்டார். இல்லை, எங்களுடையது என்றேன். வேண்டுமென்று போட்டாயா என்றார். கெடாமல் இருக்கப் போட்டேன் என்றேன். பிறகு மூன்று தடவை மாதாவுக்குப் பிரியதத்த மந்திரம் சொல்லிவிட்டுப் போகச் சொன்னார். கடைக்காரர் கற்பூரம் அணைத்த கதையை நான் அவரிடம் சொல்லவில்லை. அதனால் அந்த மன்னிப்பு என்னிடம் ஒட்டவில்லை.

திங்கட்கிழமை காலையில் பக்கத்துத் தெரு வண்டிக்காரர் வாசலில் வந்து நின்றார். மாட்டு வண்டி அச்சுக்கு ஆயில் கொடுப்பதாக என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தாராம். இவர் கரி மூட்டையை இறக்கி, இரண்டாவது டின்னை மூலையிலிருந்து இழுத்தார். அதே ஆள் கொடுத்தது, இதுவும் தண்ணிதான், வண்டி அச்சுக்காவது போகட்டும் என்றார். வெளியே எங்கேயும் ஆயில் கிடையாது. பேரிங்குக்குப் பாண்டிச்சேரியில் சொல்லியாயிற்று. அது வந்தாலும் ஊற்ற ஆயில் இல்லாவிட்டால் பஸ் கொட்டகையில் துருப்பிடிக்க வேண்டியதுதான். டின் வாசற்படியைத் தாண்டப் போயிற்று.

"அத்த குடுக்காதீங்க" என்றேன். "அதுல தண்ணி இல்ல. உப்பு போட்டது நான்தான். மொத டின்னுல மட்டும்."

"இன்னா போட்ட?"

"உப்பு."

டின்னைக் கீழே வைத்தார். வண்டிக்காரரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வெயிலில் வைத்தது, சுருள் தொங்கவிட்டது, மழை பெய்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். வண்டிக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

"பாத்துக்கன்னுதான சொன்னேன்" என்றார். "பாத்துக்கினு சும்மா இருன்னு அர்த்தம்."

அடிக்கவில்லை, திட்டவில்லை. அடுத்த ரயிலுக்கு விழுப்புரம் போய், அந்தக் கடைக்காரரிடம் நாலு பேர் பார்க்க மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். கடைக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டேன். காப்பி வாங்கிக் கொடுத்தார் என்று மட்டும் சொன்னார். அவர் ஏசியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பேரிங் வர இரண்டு மாதம் ஆயிற்று. இரண்டாவது டின்னைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். அதே தேன் நிறம், அடியில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. விதையை ஆட்டி எடுக்கிற எண்ணெய்தான் காறும், மண்ணுக்கடியிலிருந்து வருகிற இதில் காறுவதற்கு ஒன்றுமில்லை, காற்றும் ஈரமும் படாமல் மூடி வைத்தால் வருஷக்கணக்கில் கிடக்கும் என்று பேரிங் மாட்ட வந்த பாண்டிச்சேரி ஃபிட்டர் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னதை நான் கேட்டுக்கொண்டேன். மிச்சம் இருந்த அரை டின்னைத் தக்கை அடித்து மெழுகு ஊற்றி அவரே பரண்மேல் ஏற்றினார்.

அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார். அது அப்புறம் எங்கள் வீட்டில் நிலையாகத் தங்கிவிட்டது. "தொடாத" என்றார்.

ஆயிலுக்கு அது நியாயம். ஆனால் மனுஷர் அதோடு விடவில்லை. ஸ்பானர் பையை வைத்தால் தொடாத. லைசென்ஸ் காகிதத்தை வைத்தால் தொடாத. சண்டை முடிந்து பெட்ரோல் வந்து கரி உருளையைக் கழற்றிப் போட்டபோது, அந்த ஓட்டை இரும்பையும் தொடாத. பாத்துக்க என்கிற வார்த்தையே அவர் வாயிலிருந்து மறைந்துவிட்டது. வெளியூர் போனால் வீட்டைப் பூட்டிக்க என்பார், பாத்துக்க என்று சொல்ல மாட்டார். கோபத்தில் சொல்லவில்லை, வழக்கமாகச் சொன்னார். எனக்கு அதுதான் வலித்தது. ஒரு தடவை கேட்டும் பார்த்தேன், நான் என்ன இன்னும் எல்லாவற்றிலும் உப்பா போடுகிறேன் என்று. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

இப்படி ஆறேழு வருஷம் போயிற்று. சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. கரி நெருப்பின் அனல்தான் காரணம் என்று ஊரில் சொன்னார்கள், எனக்குத் தெரியாது. புரை முற்றினால்தான் எடுக்க முடியும், பொறுத்திருங்கள் என்று மெட்ராஸ் டாக்டர் சொல்லிவிட்டார். எதிரே வருவது வண்டியா மாடா என்று தெரியாதவர் பஸ் ஓட்ட முடியாது. சம்பளத்துக்கு ஒரு டிரைவர் போட்டோம். அந்த ஆள் மேல் இவருக்கு நம்பிக்கையே இல்லை. தினம் காலையில் கொட்டகையில் வந்து நின்று சத்தத்தைக் கேட்டே குறை சொல்வார்.

ஒரு நாள் காலை, டிரைவர் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தார். இவர் தடவித் தடவி, ஆயில் அளவு பார்க்கிற கம்பியை இழுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் காப்பியோடு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். தொடாத என்று சொல்வாரோ என்று தள்ளியே நின்றேன்.

பிறகு கம்பியை என் பக்கம் நீட்டினார்.

"நீ பாத்து சொல்லு."

காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கம்பியை வாங்கினேன். அளவுக் கோடு வரை ஆயில் இருக்கிறது, கறுப்பாக இருக்கிறது, தண்ணீர் கலந்த வெள்ளை இல்லை என்று சொன்னேன். நன்றாகப் பார்த்தாயா என்றார். பார்த்தேன் என்றேன். அவர் முகம் இன்னும் தெளியவில்லை. நான் நுனியில் ஒரு சொட்டை விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தேன். கண்ணராவியாக இருந்தது.

"உப்பு இல்லீங்க" என்றேன்.

அவர் சிரித்தார். அந்த விஷயத்துக்காக அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிரைவர் போயிருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"அப்ப வண்டிய எடுக்கச் சொல்லு" என்றார். நான் போய்ச் சொன்னேன்.